எழுவாய் இல்லாத பலகை

வரலாற்றுப் பலகைகளை நான் இலக்கணம் பார்த்துத்தான் வாசிக்கிறேன். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், ரெட் ரிவர் கரையிலுள்ள சின்ன ஊர் கோல்ஃபாக்ஸ். அங்கே 1950இல் மாநில அரசு சாலையோரம் ஒரு பலகை நட்டது. தலைப்பு: ‘கோல்ஃபாக்ஸ் கலவரம்’. 1873 ஏப்ரல் 13 அன்று மூன்று வெள்ளையரும் 150 கறுப்பரும் கொல்லப்பட்டனர், தெற்கில் வந்தேறிய வடக்கத்தியரின் முறைகெட்ட ஆட்சி அதோடு முடிந்தது என்றது அது. கொல்லப்பட்டனர்: செயப்பாட்டுவினை. யாரால்? அந்த இடம் காலி.

நடந்தது வேறு. அடிமைத்தளை நீங்கி வாக்குரிமை பெற்றிருந்த கறுப்பர்கள், தேர்தல் தகராறில் நீதிமன்றக் கட்டிடத்தைக் காத்து நின்றார்கள். ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கும்பல் அதைக் கொளுத்தியது. சரணடைந்தவர்களையும் சுட்டுக் கொன்றது. தண்டனை பெற்றவர் மூவர்தான். அவர்களும் 1876இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் தப்பினார்கள்.

ஆக, இந்தப் பிரதி பேசுவது 1873ஐ அல்ல. 1950இன் வெள்ளை அதிகாரத்துக்கு எது தேவைப்பட்டதோ, அதை. 2021இல் பலகையைப் பிடுங்கினார்கள். சரி, பிடுங்கினா போதுமா? வெற்றிடமும் ஒரு மௌனந்தானே. 2023 ஏப்ரல் 13 அன்று, செத்தவர் பெயர்களோடு நினைவுக்கல் எழுந்தது. பெயர் வந்தாச்சு. இனி எந்தப் பலகை முன்னால் நின்றாலும் நாம் கேட்க வேண்டியது ஒண்ணுதான்: கொன்றது யார்?