நெருப்பிடம் கொடுத்த பட்டியல்

முதுகலை இரண்டாமாண்டு வகுப்பில் சிலப்பதிகாரத்தின் வஞ்சினமாலை நடத்திக்கொண்டிருந்தேன். யாரை எரிக்கலாகாது என்று தீக்கடவுள் கேட்க, கண்ணகி ஒரு பட்டியல் தருகிறாள். அதில் பார்ப்பனர் உண்டு, பசு உண்டு. அறநெறியில் நிற்பவர்கள், முதியவர்கள், குழந்தைகள் உண்டு. பெண்களில் பத்தினிகள் உண்டு. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், அன்னைக்கு மாதவி மதுரையில இருந்திருந்தா?"

பதினேழு ஆண்டுகளாக இந்தப் பகுதியை நடத்துகிறேன். அன்று என்னிடம் பதில் இல்லை. மாதவி கோவலன் ஒருவனோடு வாழ்ந்தவள். அவன் இறந்தபின் துறவு பூண்டவள். ஆனாலும் கணிகையர் குலத்தில் பிறந்தவள். நெருப்பு எதைப் பார்த்திருக்கும், வாழ்வையா பிறப்பையா? தன் கணவனுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்ட கண்ணகியின் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் ஊராக விரியும்போது, யாருடைய உயிர் பொருட்படுத்தத்தக்கது என்ற கணக்கைக் காப்பியம் அவள் வாயிலேயே வைத்துவிடுகிறது.

'தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்' என்கிறோம். தன்னவர் மேல் கூடுதல் அக்கறை இயற்கை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வாதம் கிடையாது. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் துடிப்பதுபோல் முகம் அறியாத பிள்ளைக்குத் துடிப்பதில்லை, உண்மைதான். ஆனால் சாதி மாறி மணந்த மகளை வீட்டாரே கொல்கிறார்களே, அங்கே அந்தத் தசை ஏன் ஆடவில்லை? அதுவரை பார்த்தேயிராத சாதிக்காரர்கள் கொன்றவனுக்காகத் திரள்கிறார்களே, அங்கே ஆடுவது எந்தத் தசை? இரத்தப் பாசம் என்று நாம் சொல்லிக்கொள்வதைவிட, எல்லைக்கோட்டின் மீதுள்ள பாசம் பெரிது. அந்தக் கோட்டைத் தாண்டும் பெண், பெற்ற மகளாகவே இருந்தாலும், அந்நியளாகிவிடுகிறாள்.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் இதன் இயக்கத்தைப் பிரித்துக் காட்டினார். சாதியின் சாரம் அகமணம். அதைக் காக்கத்தான் உடன்கட்டையும் கைம்மையும் குழந்தைமணமும் தேவைப்பட்டன. 'நம்மவர்' என்ற வட்டத்தின் சுற்றுச்சுவர் பெண்ணுடலால் கட்டப்பட்டது என்று நான் அதை வாசிக்கிறேன். 'பத்தினி' என்பது அந்தச் சுவருக்குள் நிற்பவளுக்குத் தரப்படும் பட்டம். தீயிலிருந்து தப்பிக்க அந்தப் பட்டம் வேண்டியிருக்கிறது.

இதே காப்பியத்தில் இன்னொரு பெண்ணும் நெருப்பில் நிற்கிறாள். மதுரைக்கு வெளியே வாழ்ந்த இடைக்குலத்து மூதாட்டி மாதரி. கவுந்தியடிகள் அடைக்கலமாக ஒப்படைத்த கண்ணகியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவள். அறிமுகமாகி அதிக நாள் ஆகவில்லை; உறவில்லை, ஒரே குலமில்லை. நம்பி வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று அவள் தீப்புகுந்து இறக்கிறாள். அதை நாம் அறிவது வஞ்சிக் காண்டத்தில் மாடலன் சொல்லும் சில அடிகளில்தான். கண்ணகிக்கு இமயத்திலிருந்து கல் வருகிறது. மாதரிக்கு அந்தச் சில அடிகள். அவள் சாவை நான் புனிதமாக்கவில்லை. பெண்ணின் பொறுப்புணர்வு அவள் உயிரைக் கேட்பது எனக்கு உவப்பானதல்ல. ஆனால் தன் துயருக்காக ஊரை எரித்தவளை நினைவில் வைத்த நாம், அந்நியருக்காக எரிந்தவளை மறந்தது தற்செயல் இல்லை.

மணிமேகலையில் இந்தக் கணக்கு மாறுகிறது. அமுதசுரபியை முதலில் பெற்றவன் ஆபுத்திரன். தாய் சாலி கைவிட்டுப் போனாள். ஒரு பசு பால் தந்தது. வளர்த்த பார்ப்பனச் சமூகம், பிறப்பு தெரிந்ததும் விரட்டியது. மதுரையில் பிச்சையெடுத்து, அதையும் பசித்தவர்களோடு பகிர்ந்தவன் கைக்கு அந்தப் பாத்திரம் வந்தது. ஆளில்லாத மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபோது, ஊட்ட யாருமில்லாத பாத்திரம் தனக்கெதற்கு என்று அதைப் பொய்கையில் விட்டு உயிர்துறக்கிறான். அடுத்து அது கணிகை வயிற்றில் பிறந்த மணிமேகலையிடம் வருகிறது. இரண்டு பேருமே 'நம்மவர்' பட்டியலில் இடம் கிடைக்காதவர்கள்.

விலக்கப்பட்டவர்கள் எல்லாரும் பெருந்தன்மையாளர்கள் ஆகிவிடுவார்கள் என்று இதைக் கொள்ள வேண்டாம். காப்பியமே தயங்குகிறது: பாத்திரத்தில் முதல் பிச்சை ஆதிரை என்ற பத்தினியின் கையால் விழ வேண்டியிருக்கிறது. கணிகை மகளின் அறத்துக்குக் குலமகளின் சான்றிதழ்! ஆனாலும் அந்தப் பாத்திரம் சிறைக்குள் போகிறது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. இங்கே உணவுக்குத் தகுதி பசி ஒன்றுதான்.

மாதவி சொன்னதையும் இங்கே சேர்த்து வாசிக்க வேண்டும். மணிமேகலையை அவள் கண்ணகியின் மகள் என்கிறாள். தான் பெற்ற பெண்ணை, தன்னால் துயருற்றவளின் மகளாக அறிவிக்கிறாள். உறவு என்பது பிறப்பிலேயே முடிந்துபோன விஷயமில்லை, ஒருத்தி வாய்திறந்து சொல்லியும் உண்டாக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம். மாணவியின் கேள்விக்கு நான் தாமதமாகக் கண்டடைந்த பதிலும் இதுதான். நெருப்பின் பட்டியலில் மாதவிக்கு இடம் இருந்ததா என்று தெரியாது. அவள் வைத்திருந்த பட்டியலில் கண்ணகிக்கு இடம் இருந்தது.

மதிய வேளையில் எங்கள் கல்லூரி மரத்தடியில் மாணவிகள் வட்டவட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யார் டப்பாவில் யார் கை நீள்கிறது, யாருடையதில் நீள்வதில்லை என்பதைப் பார்த்தபடிதான் தினமும் கடந்துபோகிறேன். ஆசிரியர் அறையில் எங்கள் வட்டமும் அப்படித்தான் இருக்கிறது. அந்தக் கேள்வி கடைசி வரிசையிலிருந்து வந்ததன் காரணம் எனக்குத் தெரியும். அமுதசுரபியைப் பாடம் நடத்திவிட்டு அதே வட்டத்துக்குச் சாப்பிடப் போகும் எனக்குத்தான் இனி அதிகம் படிக்க வேண்டியிருக்கிறது.