தொம்மென்று விழும் பழம்

பண்ருட்டிக்காரனிடம் வந்து முள்தோல் போட்ட இன்னொரு பழத்தைப் புகழ்வது, திருநெல்வேலிக்காரனிடம் அடுத்த ஊர் அல்வாவைப் புகழ்வது மாதிரி. சித்திரை, வைகாசியில் எங்கள் திண்ணையில் உட்கார இடமிருக்காது, அத்தனை பலா. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுக்கும் வித்தையை அ, ஆவன்னாவுக்கு முன்பே படித்தவன் நான். அந்த நான் சொல்கிறேன்: பினாங்குத் தீவின் பாலிக் புலாவில், மரத்தைவிட்டு விழுந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத டுரியானைத் தின்றேன். ஐயோ, என்ன பழம்! எங்கள் பலா என்னை மன்னிக்கட்டும்.

இத்தனைக்கும் டுரியானைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தவன்தான். சில வருஷம் முன்பு சென்னையில் ஒரு கடையில், பனிக்கட்டியாய் உறைந்த நாலு சுளையை ஆசையாக வாங்கிவந்தேன். கரைந்ததும் வீடே கெட்டுப்போன வெங்காய மூட்டை மாதிரி ஆகிவிட்டது. ருசியா? ஊறிப்போன பஞ்சு. சுளை வைத்த டப்பாவையும் சேர்த்தே என் மனைவி குப்பையில் போட்டாள். நம்மவர்கள் இதற்கு ‘முள்நாறி’ என்று பேர் வைத்தது எவ்வளவு பொருத்தம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பட்டர்வொர்த்தில் இருக்கும் அக்கா வீட்டு மாமாவிடமும் தொலைபேசியில் சொன்னேன். அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். கோபமே வந்துவிட்டது அவருக்கு. “நீ தின்னது டுரியான் இல்ல தம்பி, டுரியானோட பொணம். ஜூன் மாசம் கெளம்பி வா லா.”

கிளம்பிப் போனேன். பாலம் தாண்டித் தீவுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து மலையேறி இறங்கினால் பாலிக் புலாவ். ‘தீவின் பின்புறம்’ என்று அர்த்தமாம். வழியில் ஒரு ஓட்டல் வாசலில் டுரியான் படம் போட்டுச் சிவப்புக் கோடு அடித்திருந்தது. சிங்கப்பூர் ரயிலிலும் இதே மரியாதைதான். இப்படி வாசலில் நிறுத்திவைத்து அவமானப்படுத்தும் பழத்துக்கு ஊரே ஆண்டு முழுக்கக் காத்திருப்பதைப் பார்த்தபோதே, விஷயம் வேறு என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தோட்டம் செங்குத்தான சரிவில். தென்னை உயர மரங்கள். கீழ்ச்சரிவு மரங்களுக்கு அடியில் வலை கட்டியிருந்தார்கள். மலேசியாவில் டுரியானைப் பறிப்பதில்லை. முற்றிப் பழுத்துத் தானாக விழும்வரை காத்திருக்கிறார்கள். தாய்லாந்தில் மரத்திலேயே வெட்டி இறக்கி, பிறகு பழுக்க விடுவது வழக்கம். அதனால்தான் அந்தப் பழம் தூரதேசம் போகிறது, இந்தப் பழம் விழுந்த அன்றே தின்னச் சொல்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாக்கில் வைத்தால் போதும், விளக்கம் வேண்டாம்.

தோட்டக்காரப் பெரியவர் சீனர். மாமாவோடு மலாயில் பேசினார். கையில் தடிமனான உறை, சின்னக் கத்தி. பழத்தின் அடியில், முள் வரிசைகள் சந்திக்கும் இடத்தில் கத்தியைச் செருகி ஒரு திருகு. ஐந்து வரிகளில் ஒன்று வாய் திறந்தது. உள்ளே வெள்ளைப் பஞ்சுமெத்தை, அதில் குழந்தை மாதிரி படுத்திருந்த சுளைகள். பால் இல்லை, சடை இல்லை, எண்ணெய் தடவ வேண்டியதில்லை! பலாக்காரனுக்கு முதல் பொறாமை அங்கேதான் வந்தது.

வாசனை வந்தது, மறுக்கவில்லை. ஆனால் திறந்தவெளியில், மலைக்காற்றில், அது வேறு வாசனை. வறுத்த பூண்டும் காய்ச்சிய பாலும் எங்கேயோ ஒன்றாகக் கொதிப்பது போல. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1869இல் வெளியிட்ட மலாய்த் தீவுகள் பற்றிய நூலிலும் இந்தக் கதைதான் இருக்கிறது. மலாக்காவில் நாற்றம் பிடிக்காமல் ஒதுக்கியவர், போர்னியோவில் தரையில் விழுந்துகிடந்த பழத்தை வெளியிலேயே தின்று அடிமையாகிவிட்டார். மாமாவும் வாலஸும் ஒரே கட்சி.

முதலில் ‘அங் ஹே’. பினாங்கு ஹொக்கியன் பேச்சில் சிவப்பு இறால். சுளையின் நிறம் அப்படி. அடிபிடிக்கும் முன் இறக்கிய திரட்டுப்பாலை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் தேங்காய்ப்பால் விட்டிருக்கிறது என்று வையுங்கள். மெல்ல வேண்டாம், நாக்கே போதும். அடுத்து ‘ஹோர் லோர்’, அதாவது சுரைக்காய். பழத்தின் வடிவம் கொடுத்த பேர். இது கெட்டி, கொஞ்சம் வறண்டது, கடைசியில் ஒரு கசப்பு, டிகிரி காபியின் அடி மடக்கு மாதிரி. இனிப்பில் தொடங்கிக் கசப்பில் முடிப்பதுதான் முறையாம். கசப்பைக் கேட்டு வாங்குகிறவர்தான் உண்மையான ரசிகர் என்றார் பெரியவர். உலகமெல்லாம் கொண்டாடும் மூசாங் கிங்கும் தந்தார். 1993இல் டி197 என்று பதிவான ரகம், மஞ்சளென்றால் அப்படியொரு மஞ்சள். அருமைதான். ஆனால் நான் மறுபடி ஹோர் லோருக்கே கை நீட்டினேன். பெரியவர் சிரித்தார்.

தின்று முடித்த பிறகுதான் மூளை வேலை செய்தது. பலாவுக்கும் இதற்கும் முள்ளைத் தவிர உறவே இல்லை. பலா அத்தி, ஆலின் குடும்பம். டுரியானோ வெண்டைக்காய், பருத்தி, செம்பருத்தியின் பங்காளி! சாயங்காலம் பூ விரியும். இரவில் குகை வௌவால்கள் தேன் குடிக்க வந்து மகரந்தம் சுமக்கும். விடிவதற்குள் பூ உதிரத் தொடங்கிவிடும். அந்த நாற்றத்துக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். 2017இல் மூசாங் கிங்கின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்த ஆய்வாளர்கள், அவற்றை உண்டாக்குவதில் பங்குள்ள ஒரு மரபணு இதில் பல படிகளாகப் பெருகியிருப்பதைக் கண்டார்கள். ஆக, ஒரு துளி நாற்றமும் தற்செயலில்லை.

நம் நீலகிரி அடிவாரத்தில், கல்லாறு, பர்லியாறு அரசுப் பண்ணைகளிலும் டுரியான் மரம் உண்டு. அங்கே அதைப் பிள்ளைவரம் தரும் மருந்தென்று நம்பித் தேடிப் போகிறார்கள். ருசிக்காகத் தின்னலாம் என்று யாராவது அவர்களுக்குச் சொல்லுங்களேன்.

சூடு என்று டுரியானுக்குப் பின் மங்குஸ்தான் கொடுத்தார்கள். அதன் அடியில் உள்ள பூ மாதிரித் தழும்பில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. அக்கா பிள்ளைகள் பந்தயம் கட்டி விளையாடினார்கள், நானும் சேர்ந்து இரண்டு ரிங்கிட் தோற்றேன். பிறகு டுரியான் ஓட்டின் குழியில் தண்ணீர் விட்டுக் கை கழுவச் சொன்னார் மாமா. நாற்றம் போகுமாம். பாதி போயிற்று.

எதிர்பாராத யோகத்துக்கு மலாயில் ‘டுரியான் ருந்து’ என்பார்கள், உதிர்ந்த டுரியான். அதன் அர்த்தம் அன்றிரவு தோட்டத்துக் குடிசையில் படுத்தபோதுதான் புரிந்தது. பழம் பெரும்பாலும் இருட்டில்தான் விழுகிறது. மேல்சரிவின் கிழட்டு மரங்களுக்கு வலை கிடையாது. தூக்கம் வராமல் கிடந்தேன். மூன்று மணி இருக்கும், இலைகளுக்குள் ஒரு சரசரப்பு. அப்புறம், தொம்!

மாமா குறட்டையை நிறுத்தவில்லை. நான் டார்ச்சைத் தேடி எடுத்து வெளியே ஓடிவந்தால், பெரியவருடைய வெளிச்சம் எனக்கு முன்பே சரிவில் ஏறிக்கொண்டிருந்தது.