கவலை (நீரிறைக்கும் கருவி): சொற்பிறப்பு விளக்கங்களின் மதிப்பீடு

கவலை என்பது மாடுகளைப் பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கருவி. நாமக்கல், சேலம் உள்ளிட்ட கொங்கு வட்டாரத்தில் வழங்கும் பெயர் இது. தென்மாவட்டங்களில் கமலை என்பர். கபிலை என்ற வடிவமும் உண்டு. கன்னடத்தில் கபிலெ, தெலுங்கில் கபில. மைசூர், கோவைப் பகுதிகளில் 1800-ல் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், 1807-ல் வெளிவந்த தன் பயண நூலில் இதைக் 'கபிலி' என்ற ஒலிப்பில் குறித்தார்.

இச்சொல்லுக்குக் கூறப்படும் விளக்கங்களில் மிக எளிதானதும் மிகப் பலவீனமானதும், உழவரின் துயரத்தைக் கருவியோடு இணைப்பது. மனக்கவலைக்கும் இதற்கும் ஒலி ஒன்றாக இருப்பது தவிர வேறு ஆதாரம் இல்லை. கமலை என்று சொல்பவர்களிடம் இந்த விளக்கம் எழவே எழாது.

கபிலை என்பது வடமொழியில் செம்பழுப்பு நிறப் பசு. அதிலிருந்து பெயர் வந்தது என்பது இரண்டாவது விளக்கம். ப, வ ஆவது இயல்பாதலால் கபிலை கவலையாகத் திரிவதில் தடையில்லை. தடை பொருளில் இருக்கிறது: கவலையில் பூட்டப்படுவது எருது, பசு அல்ல.

மூன்றாவது, கவை என்ற வேர். பிரிந்து செல்லும் வழிக்குக் கவலை என்ற பெயர் சங்கப் பாடல்களிலேயே உண்டு. கிணற்றின் மேல் நிற்கும் இரட்டை மரங்களுக்கும் சாலைப் பிடிக்கும் இரு கயிறுகளுக்கும் இது பொருந்தும். ஆனால் கன்னடத்திலும் தெலுங்கிலும் உள்ள பகரத்தை இது விளக்காது. ஒவ்வொரு விளக்கமும் தனக்கு வசதியான ஒரு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஐந்து வடிவங்களையும் சேர்த்து விளக்காதது எதையும் முடிவாகக் கொள்ள முடியாது.

இவற்றுள் கபிலையே 'திருத்தமானது', கவலை கொச்சை என்று கருதுவது வேர் தேடுவதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுவது. கொங்குப் படைப்புகளில் வரும் 'கவலை ஓட்டுதல்' என்ற தொடரைக் கருவியை அறியாத இன்றைய வாசகர் துயரத்தை விரட்டுவதாகவே படிக்க நேரும். மின்மோட்டார் வந்தபின் கருவி மறைந்துவிட்டதால், பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' (2000) போன்ற தொகுப்புகளின் தேவை இங்கேதான் தெரிகிறது. ஆயினும் இத்தகைய சொல்லுக்கு 'நீரிறைக்கும் சாதனம்' என்ற ஒருவரிப் பொருள் போதாது. மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். வால்கயிறு சாலின் தோல்வாலை மடக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் வால் நிமிர்ந்து வாய்க்கால் பக்கம் இழுபட, நீர் தானே கொட்டும். மாடுகள் பின்னோக்கி ஏறினால் வெறுஞ்சால் கிணற்றுக்குள் இறங்கும்.