பசைக் கிண்ணமும் வெண்டைக்காய்ப் பூவும்

மைதாப் பசை கிளறத் தெரிந்த ஒருவர் இருந்துவிட்டால் போதும், நூலகத்தின் கோடை முகாம் பாதி நடந்து முடிந்த மாதிரிதான். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். அடுப்பில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் அந்தக் கரைசலை மெல்ல ஊற்றியபடியே கை ஓயாமல் கிளற வேண்டும். வெளுப்புப் போய் ஒரு மினுமினுப்பு ஏறும். அந்த நேரத்தில் இறக்கினால் பசை, கொஞ்சம் அசந்தால் களி. நூலகத்துக்கு இது புதுச் சங்கதியும் இல்லை. கிழிந்த புத்தகங்களைக் கட்டும் பைண்டர் காலங்காலமாகக் கிளறுவது இதைத்தான். பூச்சி அரிக்காமலிருக்க அவர் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பார். அது விஷம். விரல் சூப்பும் வயசுப் பிள்ளைகளிடம் அந்தப் பசை போகக் கூடாது. துத்தம் இல்லாத பசையோ மறுநாளே புளித்து வாடை அடிக்கும். அதனால் தினம் காலையில் புதுசாக ஒரு சட்டி. பின்கட்டில் சத்தமில்லாமல் நடந்த வேலை கோடையில் மட்டும் முன்கூடத்துக்கு வந்து உட்காருகிறது. இந்த முகாம்களில் எனக்கு முதலில் பிடித்தது இதுதான்.

தமிழ்நாட்டின் மாவட்ட மைய நூலகங்களிலும் பல கிளை நூலகங்களிலும் மே மாதத்தில் முகாம் நடத்துவது வழக்கமாகிவிட்டது. கதை, ஓவியம், காகித மடிப்பு, சதுரங்கம் என்று போகும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. குளிர்சாதனமும் பளபளப்புமாக இருக்கும் அந்த இடங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கையை அழுக்காக்கும் வேலைக்கு ஏற்றது பழைய சிமெண்ட் தரை போட்ட கிளை நூலகம்தான். ஒரு வாளித் தண்ணீரில் கழுவிவிடலாம்.

அதிலும் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்கு ஒரு தனி வசதி. அங்கே மே மாதம் பலாவும் முந்திரியும் பழுக்கிற காலம். நூலகப் படி ஏறும்போதே பாதிப் பிள்ளைகளின் விரலில் பலாப்பால் பிசுபிசுக்கும். சோப்புக்கு அது மசியாது, தேங்காய் எண்ணெய்தான் வேண்டும். விவரம் தெரிந்த நூலகர் மேசை இழுப்பறையில் முத்திரைக் கட்டையோடு ஒரு எண்ணெய்ச் சீசாவும் வைத்திருப்பார்.

தரையில் நாளிதழ் விரிப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. இலவச இணைப்பின் வழுவழுத் தாளை விரித்தால் தண்ணீர் அதன்மேலேயே நின்று பாவாடையில் ஏறும். சாதா நியூஸ்பிரிண்ட்தான் உறிஞ்சும். விரித்த தாளைப் பிள்ளைகள் சும்மா விடுவதில்லை. தூரிகையைக் கையில் பிடித்தபடியே ஒருத்தி குனிந்து, தலைகீழாகக் கிடக்கும் பழைய கிரிக்கெட் செய்தியை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். தூரிகை சொட்டிச் சொட்டி ஸ்கோரை மறைத்துவிடும். “அக்கா, யாரு ஜெயிச்சது?” என்று ஒரு குரல் வரும். வாசிப்பை வளர்க்கும் திட்டம் என்று தனியாக எதையும் அறிவிக்கத் தேவையே இல்லை.

வெண்டைக்காய் அச்சைக் கிட்டே உட்கார்ந்து பார்க்க வேண்டும். காம்புப் பக்கமாகக் குறுக்கே நறுக்கினால் உள்ளே அறை அறையாக ஒரு பூ. வெட்டியதும் சாயத்தில் தோய்த்தால் கொழகொழப்பு சாயத்தைப் பிடிக்க விடாமல் வழுக்கும். துணியால் ஒற்றி, கொஞ்ச நேரம் காற்றாட வைத்துவிட்டால் இதழ் ஓரம்கூடச் சுத்தமாக விழும். பெரும்பாலும் ஐந்து இதழ். சில காய்க்கு ஆறு, ஏழும் வரும். அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் அந்தப் பையன் அன்றைக்குப் பெரிய ஆள். வாழை மட்டையை வெட்டினால் பிறை வடிவம், அதனுள் ஏணிப்படி அடுக்கியதுபோல் காற்றறைகள். கையால் வரைந்து அந்த ஒழுங்கைக் கொண்டுவர முடியாது. வாழைக் கறை மட்டும் சட்டையில் பட்டால் போகாது. முகாமுக்குப் பழைய சட்டை போட்டு அனுப்பச் சொல்வது அதற்காகத்தான்.

இந்த மண்ணில் எதைத் தொடக் கூடாது என்பதும் பாடத்தில் சேர்த்தி. பச்சை முந்திரிக்கொட்டையின் தோட்டு எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும். பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இலை சேகரிக்கும் நாளில் பிச்சாவரம் கழிமுகத்துத் தில்லை மரத்தைத் தனியாகக் காட்டிச் சொல்ல வேண்டும். சிதம்பரத்துக்கே தில்லை என்று பெயர் வாங்கிக் கொடுத்த மரம்தான், ஆனாலும் அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

எல்லாவற்றிலும் நேரம் பிடிக்கிற வேலை காகிதக் கூழ். பழைய நாளிதழைக் கிழித்து ஊறப்போட்டு, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து உரலில் இடித்து, கவிழ்த்த சட்டியின் முதுகில் அப்பிக் கூடை செய்வது நம் பாட்டிமாரின் கைவேலை. முறத்தின் பொத்தலை அடைத்ததும் அதே கூழ்தான். கொலுவுக்குப் பெயர்போன பண்ருட்டிப் பொம்மைகளிலும் காகிதக் கூழ் உண்டு. வெந்தயம் கூழுக்கு இழுவை கொடுக்கும், பூச்சியையும் அண்டவிடாது. மயில்துத்தத்தின் வேலையை விஷமில்லாமல் செய்து முடிக்கிறது. பிள்ளைகள் முதலில் மூக்கைப் பிடிப்பார்கள். முழங்கை வரை இறங்கிய பிறகு வெளியே எடுக்கச் சொன்னாலும் எடுக்க மாட்டார்கள்.

கூழ் கையோடு புத்தகத்தைத் தொடக் கூடாது, சரி. ஆனால் கை கழுவின ஈரத்தோடும் தொடக் கூடாதே. இந்தச் சின்ன இடைவெளியில்தான் கெட்டிக்கார நூலகர்கள் கதை நேரத்தை வைக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு கையையும் முன்னால் நீட்டி மின்விசிறிக் காற்றில் காயவிட்டபடி வட்டமாக உட்கார்ந்திருக்க, நூலகர் படிப்பார். பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளக்கூடக் கை கிடையாது.

சிதம்பரத்துக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் சீர்காழி. இந்திய நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் 1892இல் பிறந்த ஊர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த 1948ஆம் வருஷத்துச் சட்டத்தால்தான் இன்றைக்கும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். அந்த நான்காம் விதியைக் கோடை முகாம் சந்தோஷமாக மீறுகிறது. கடற்காற்றின் ஈரத்தில் கூழ்ச் சட்டி ஒரு நாளில் காயாது. மறுநாள் தொட்டுப் பார்த்தால் வெளியே காய்ந்து உள்ளே குளுகுளு. அவசரப்பட்டு உருவினால் விளிம்பு பிய்ந்து கையோடு வரும். அன்றே முடித்து வீட்டுக்கு எடுத்துப் போகிற வேலையைவிட இதைத் தேர்ந்தெடுத்தவரின் சாமர்த்தியம் இங்கேதான். சட்டி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பிள்ளை மறுநாளும் வர வேண்டும், அதற்கு மறுநாளும். வந்தபிறகு, “இன்னும் காயலை கண்ணு, அதுவரைக்கும் இதைப் படி” என்று எதையாவது ஒன்றைக் கையில் கொடுக்கலாம்.