ஆளில்லாத முகவரிகளின் வருமானம்

ஓர் இணைய முகவரியைப் பதிவு செய்துவிட்டு, அதில் தளம் எதையும் உருவாக்காமல், விளம்பரப் பக்கத்தை மட்டும் வைத்துக் காசு பார்ப்பதற்கு டொமைன் பார்க்கிங் என்று பெயர். செய்ய வேண்டிய வேலை அதிகமில்லை. முகவரி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை செடோ போன்ற ஏதாவதொரு பார்க்கிங் நிறுவனத்தின் பக்கம் திருப்பிவிட்டால் போதும். அங்கே வருகிறவர் காண்பது ஒரு வெற்றுப் பக்கமும் நாலைந்து தேடல் சொற்களும்தான். ஒரு சொல்லைத் தொட்டால் விளம்பரங்கள் விரியும். அதில் ஒன்றைத் தொட்டால் விளம்பரதாரரின் கணக்கில் பணம் கழியும். அதை விளம்பர நிறுவனமும் பார்க்கிங் நிறுவனமும் முகவரிக்காரரும் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒரு டாட்காம் முகவரிக்கு ஆண்டுச் செலவு பத்துப் பதினைந்து டாலர்தான். மாதம் ஒன்றிரண்டு நல்ல கிளிக் விழுந்தாலே கைக்காசு போகாது.

இதை ஒட்டுமொத்தமாக ஏமாற்று வேலை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. தேடுபொறிப் பழக்கம் வேரூன்றாத காலத்தில், வேண்டிய பொருளின் பெயரோடு டாட்காம் சேர்த்துத் தட்டிப் பார்ப்பவர்கள் ஏராளம். அப்படி வந்தவருக்கு அந்தப் பொருளை விற்பவர்களின் விளம்பரத்தைக் காட்டினால் வாங்குபவருக்கும் வசதி, விற்பவருக்கும் வியாபாரம். மார்செக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளை ஏறக்குறைய 16.4 கோடி டாலர் கொடுத்து வாங்குவதாக 2004-இல் அறிவித்ததென்றால், அந்த வருகைக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. பொதுச்சொல் ஒன்றை முன்கூட்டிக் கண்டுகொண்டு பதிவு செய்தவர், விற்கும்வரை அதிலிருந்து சிறு வருமானம் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. காலி மனையில் விளம்பரப் பலகை வைப்பது போன்றதுதான் அது.

ஆனால் காலி மனையை யாரும் வேறொருவர் வீடென்று நினைத்து உள்ளே நுழைவதில்லை. பார்க்கிங் வருமானத்தின் ஒரு பகுதி அப்படித் தவறி நுழைந்தவர்களிடமிருந்து வருவது. கேமரூன் நாட்டுக்குரிய டாட் சிஎம் இதற்கு நல்ல சான்று. 2006-இல் அந்த நாட்டு நீட்சியில் பதிவாகாத எந்தப் பெயரைத் தட்டினாலும் விளம்பரப் பக்கம் வரும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. டாட்காமில் ஓர் எழுத்தை விட்டுவிட்ட உலகத்தார் அத்தனை பேரின் கைப்பிழையும் காசாயிற்று. அதற்கு முன்பே, 2003 செப்டம்பர் 15 அன்று, டாட்காம் பதிவேட்டை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனமே இதைச் செய்தது. இல்லாத முகவரியைக் கேட்டால் ‘இல்லை’ என்று பதில் வர வேண்டும். அதற்குப் பதில் தன் பக்கத்தைக் காட்டியது. அந்த ‘இல்லை’யை நம்பியிருந்த குப்பை மின்னஞ்சல் வடிகட்டிகள் தடுமாறின. இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு கெடு விதித்த பிறகு, மூன்று வாரத்துக்குள் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது.

கட்டுப்பாடு வேலை செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. பதிவு செய்த ஐந்து நாளுக்குள் ரத்து செய்தால் முழுப்பணமும் திரும்பும் என்ற சலுகையைப் பயன்படுத்தி, சிலர் லட்சக்கணக்கில் பெயர்களை எடுத்து, வருகை உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அளவுமீறிய ரத்து ஒவ்வொன்றுக்கும் 20 சென்ட் கட்டணத்தை 2008-இல் ஐகேன் கொண்டுவந்தது. ஓராண்டுக்குள் அந்த விளையாட்டு 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது.

பொதுச்சொல், கைப்பிழை ஆகிய இரண்டையும் தாண்டி, என்னை உண்மையில் வருத்துவது மூன்றாவது வகை: செத்துப்போன தளங்களின் முகவரி. நடத்தியவர் நோயுற்றோ, பணமின்றியோ, மறந்தோ புதுப்பிக்காமல் விட்டால், சலுகைக் காலங்கள் கழிந்ததும் பெயர் பொதுவுக்கு வருகிறது. வந்த நொடியில் அதைப் பிடிக்க மென்பொருள்கள் காத்திருக்கின்றன. பிடித்தவருக்குக் கிடைப்பது வெறும் பெயரல்ல. பல ஆண்டுகளாக மற்றவர்கள் கொடுத்துவைத்த இணைப்புகள். ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பைத் தொடும் மாணவர், கடன் அட்டை விளம்பரத்தில் போய் நிற்கிறார். இதைவிட மோசமான விளைவும் இருந்தது. புதியவர் வைக்கும் ரோபாட்ஸ் கோப்பு தேடுபொறிகளைத் தடுத்தால், இன்டர்நெட் ஆர்க்கைவ் சேமித்திருந்த பழைய பக்கங்களும் பார்வையிலிருந்து மறைந்துவிடும். அந்தக் கோப்புகளுக்குக் கட்டுப்படும் வழக்கத்தைத் தளர்த்தப்போவதாக ஆர்க்கைவ் 2017-இல் அறிவித்தபோது, பார்க் செய்யப்பட்ட முகவரிகளையும் காரணமாகச் சொன்னது.

பெரிய நிறுவனங்களுக்குத் தற்காப்பு உண்டு. ஒரு பெயரை மீட்க உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் வழக்காடக் குறைந்தது 1,500 டாலர் கட்டணம். வணிகமுத்திரை உரிமையையும் காட்ட வேண்டும். பத்து டாலரில் பறிபோனதை மீட்க இந்த விலை, சிற்றிதழ் நடத்துபவரால் ஆகிற காரியமா?

இந்தத் தொழிலின் நேர்மையான பகுதி தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. 2008-இல் வந்த குரோம் உலாவி முகவரிப் பெட்டியையும் தேடல் பெட்டியையும் ஒன்றாக்கியது. பெயரைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது. பார்க் செய்த முகவரிகளில் விளம்பரம் வேண்டாம் என்பதையே கூகுள் 2025-இல் விளம்பரதாரர்களின் இயல்பு அமைப்பாக்கியது. மிஞ்சியிருப்பது பிழையாகத் தட்டியவரும் பழைய இணைப்பில் வந்தவரும்தான். அவர்களை ஏலத்தில் அதிகம் கேட்பவரின் பக்கத்துக்குத் திருப்பிவிடும் முறை பரவ, ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று மிரட்டும் போலிப் பக்கங்களும் அந்த வழியில் வருகின்றன. இன்றைய நிலையில் இது ஆதரிக்கத்தக்க தொழில் அல்ல.

தமிழில் இதழோ, ஆய்வுத் தளமோ, அறக்கட்டளைப் பக்கமோ நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். டாட்காம் முகவரியைப் பத்தாண்டுக்கு முன்கூட்டியே பதிவு செய்யலாம், செய்துவிடுங்கள். பதிவுக் கணக்கின் கடவுச்சொல்லை இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். தளத்தை மூடுவதென்று முடிவெடுத்தாலும், பக்கங்களை ஆர்க்கைவில் சேர்த்த பிறகே முகவரியைக் கைவிடுங்கள்.