கிடங்கு இருக்கிறது, மூட்டை எங்கே?

சிங்கப்பூர் ஆற்றின் குறுக்கே 1869-இல் கட்டிய கேவனா பாலம் மிகத் தாழ்வானது. கடல் பெருகும் நேரத்தில் சரக்குப் படகுகள் அதனடியில் நுழைய முடியாது. நீர் வற்றும்வரை படகுக்காரர்கள் காத்துக் கிடப்பார்கள். இன்று அந்தக் காத்திருப்பு யாருக்கும் இல்லை. 2008-இல் மெரினா அணை திறந்தபின் ஆறு நன்னீர்த் தேக்கத்தின் ஒரு கை ஆகிவிட்டது. பெருக்கும் இல்லை, வற்றமும் இல்லை. படகில் போகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள்.

ஆற்றங்கரையை உலாவும் இடமாகவும் பழைய கிடங்குகளை உணவகங்களாகவும் மாற்ற நினைக்கும் நகரங்கள் சிங்கப்பூரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது வழக்கம். அந்தப் பெருமூச்சில் எவ்வளவு நியாயம் இருக்கிறது?

முதலில் ஆறு. 1977-இல் பிரதமர் லீ குவான் யூ அதைத் தூய்மையாக்கப் பத்தாண்டுக் கெடு வைத்தார். சிங்கப்பூர் ஆறு, காலாங் வடிநிலம் இரண்டையும் சேர்த்து 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. ஆயிரக்கணக்கான நடைபாதை வியாபாரிகள் கூரையுள்ள அங்காடிகளுக்குப் போனார்கள். ஏறத்தாழ 17 கோடி வெள்ளி செலவானது. 1987-இல் நீரில் மீன்கள் திரும்பியிருந்தன. அந்த ஆற்றின் நாற்றத்தை அறிந்தவர்கள் யாரும் இதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். கரை நெடுக நிழல் இருக்கிறது, நடைபாதை அறுபடாமல் போகிறது, கட்டணம் கிடையாது. பூங்கா என்ற அளவில் முழு மதிப்பெண் தரலாம்.

கட்டடங்களுக்கு அப்படித் தர முடியவில்லை. 1860-களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு நடந்த கரை போட் கீ. படகுக்கும் கரைக்கும் இடையே ஒற்றைப் பலகை. அதன்மேல் அரிசியும் ரப்பரும் முதுகேறிப் போயின. 1983-இல் எண்ணூறுக்கும் மேற்பட்ட படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. ஆறே ஆண்டுகளில், 1989-இல், ஆளில்லாத அந்தக் கடைவீடுகளைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். வேலையை முதலில் வெளியேற்றிவிட்டு, அது நடந்த சுவரைப் பிறகு காப்பாற்றியிருக்கிறார்கள். இந்த வரிசைதான் எனக்கு உறுத்துகிறது.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1972-இலேயே தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் வந்துவிட்டது. சரக்குப் படகின் காலம் எப்படியும் முடிந்துகொண்டிருந்தது. அரசு வெளியேற்றாமல் இருந்திருந்தாலும் படகுகள் அழுகிக் கிடந்திருக்கும். மூட்டை தூக்கி வளைந்த முதுகை அழகென்று ஏங்குவதும் அபத்தம். ஆகவே பழைய தொழிலே தொடர்ந்திருக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். கட்டடத்துக்குப் புதுவேலை கொடுக்கும்போது அது பழைய வேலையை மறக்கடிக்கிறதா, நினைவூட்டுகிறதா என்பதே கேள்வி.

போட் கீயை அடுத்த கிளார்க் கீ மறக்கடிக்கிறது. 1993-இல் கிடங்குகளைச் செப்பனிட்டுத் திறந்தார்கள். 2006-இல் வில் ஆல்சாப் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் தெருக்களுக்கு மேலே பிரம்மாண்டக் குடைகளை விரித்தார். வெயிலுக்கும் மழைக்கும் நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் மிட்டாய் நிறச் சுவர்களுக்குள் எந்த நகரத்திலும் இருக்கக்கூடிய மதுக்கூடங்களே வந்து சேர்ந்தன. ஆற்றில் சற்று மேலே, 1895-ஆம் ஆண்டுக் கிடங்கு ஒன்று 2017-இல் வேர்ஹவுஸ் ஹோட்டலாகத் திறந்தது. அங்கே கொஞ்சம் நேர்மை உண்டு: கூரையின் முக்கோண வடிவம் அப்படியே இருக்கிறது, முகப்புக் கூடத்தில் கப்பிகளும் தொங்குகின்றன. என்ன, அவை இப்போது விளக்குகளைத் தாங்குகின்றன.

சியாட்டில் நகரத்தின் கேஸ் வொர்க்ஸ் பூங்காவில் ரிச்சர்ட் ஹாக் வேறு வழி பிடித்தார். 1956-இல் மூடிய எரிவாயு ஆலையின் கோபுரங்களை உணவகமாக்காமல், துருப்பிடித்தபடியே புல்வெளியில் நிற்கவிட்டார். பார்ப்பவர்களுக்கு அது ஓர் ஆலை என்று தெரிகிறது. ஆனால் ஆலை மண்ணில் ஊறவிட்ட நஞ்சும் அங்கேயே தங்கியது. பலமுறை சுத்திகரிக்க வேண்டியிருந்தது. நேர்மைக்கும் விலை உண்டு.

சிங்கப்பூரிலேயே விடை இருக்கிறது. ராபர்ட்சன் கீயில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிடங்கு ஒன்றில் 2002-இல் அச்சுக்கலைக் கூடம் தொடங்கினார்கள். கலைக்காட்சிக் கூடம் மட்டுமல்ல அது. உள்ளேயே காகிதம் செய்கிறார்கள், அச்சு இயந்திரங்கள் ஓடுகின்றன. கனமான பொருள் வந்துபோகக் கட்டிய கூடத்தில் இன்றும் கனமான பொருள் வந்துபோகிறது. இந்த ஆற்றங்கரையில் எனக்கு முழுமையாகப் பிடித்த மறுபயன்பாடு இது ஒன்றுதான். கூட்டமும் இங்கேதான் குறைவு என்பதைச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது.

இன்னொரு அளவுகோல், காசில்லாதவனுக்கு இடம் உண்டா என்பது. 1889-இல் கட்டிய ரீட் பாலத்தருகே தியோச்சியூ சீனக் கதைசொல்லிகள் மாலையில் உட்காருவார்கள். கூலிகளும் படகுக்காரர்களும் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். பின்னாளில் அதே பாலத்தில் இளைஞர்கள் கடையில் வாங்கிய பீரோடு உட்கார்ந்தார்கள். பக்கத்து மதுக்கூடத்தில் ஒரு கிளாஸுக்குக் கொடுக்கும் காசில் பலர் ஒரு மாலையைக் கழித்தார்கள். 2015-இல் வந்த சட்டம் இரவு 10.30-க்குமேல் பொது இடத்தில் குடிப்பதைத் தடுத்தது. உள்ளே காசு கொடுத்துக் குடிக்கலாம், வெளியே கூடாது. ஒழுங்குக்காகப் போட்ட சட்டம்தான். ஆனால் அந்த நேரத்துக்குமேல் கரை யார் பக்கம் என்பதை அது தீர்த்துவிட்டது.

எனவே என் தீர்ப்பு: தூய்மைக்கும் நடைபாதைக்கும் முன்மாதிரி என்ற பெயர் பொருந்தும். கட்டடப் பாதுகாப்புக்குப் பொருந்தாது. அது தோலைக் காப்பாற்றிய வேலை.

தமிழ் வாசகருக்கு இதில் தனிக்கணக்கு ஒன்று உண்டு. தொடக்க காலத்தில் இந்த ஆற்றில் சரக்குப் படகு விட்டவர்களில் பெரும்பகுதி சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள். கரையருகே சூலியா ஸ்திரீட் என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பக்கத்து மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய இடத்துக்குப் பெயர் கிட்டங்கி. கிடங்கு என்ற சொல்லின் உறவுதான் அது. போட் கீயின் கடைவீடுகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு அந்தக் கிட்டங்கிகளுக்குக் கிடைக்கவில்லை. நகர மறுசீரமைப்பில் இடிந்தன. ஆற்றங்கரையில் ஓர் அருங்காட்சியகத்தின் அருகே வெண்கலச் செட்டியார் ஒருவர் இருக்கிறார். சுற்றுலாப் பயணிகள் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.