பகிடிவதையும் பொறுப்பின் அமைப்பும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா அரச பல்கலைக்கழகத்தில், 2017 பெப்ரவரியில், மாணவர் சகோதரக் கழகமொன்றிற் சேரவந்த மாணவன் கட்டாய மதுவருந்தலின்பின் படிகளில் வீழ்ந்தான். ஏறத்தாழ 12 மணிநேரம் மருத்துவ உதவியின்றிக் கிடந்து, பின்னர் இறந்தான். இத்தகைய மரணங்களின்போது தேசியத் தலைமையகம் தன் விதிகளைக் காட்டிக் கிளையைக் கைவிடுவதும், கிளை தனியாட்களைக் கைவிடுவதும் வழக்கம். சந்தா மேலே செல்கிறது; பழி கீழே இறங்குகிறது.

2024 டிசெம்பரிற் கையொப்பமிடப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், பகிடிவதையில் ஈடுபட்டதாகக் காணப்பட்ட அமைப்புகளைப் பல்கலைக்கழகங்கள் பெயர்சுட்டி வெளியிடப் பணிக்கிறது. குற்றத்தைத் தனிமனிதக் கோளாறாக மட்டும் நோக்காத இம்முன்னேற்றத்தை நாம் வரவேற்கிறோம். எனினும் அவ்வறிக்கை அங்கீகாரம் பெற்ற அமைப்புகளையே தழுவும். அங்கீகாரமிழந்து மறைவில் இயங்கும் கழகம் அதில் இடம்பெறாது. தேசியத் தலைமையகத்தின்மீதும் கடமையெதுவும் சுமத்தப்படவில்லை. சந்தா பெறுவோரைப் பொறுப்புக்கூற வைக்காதவரை இச்சட்டம் பாதிவழியிலேயே நிற்கும் என்பது எமது கருத்து.